வெளிச்சம் பட்டால் கறுக்கும் சிவப்பு

அக்காவுக்கு அது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் மூச்சில்லாமல் பிறந்தவை. மூன்றாவதாவது தங்க வேண்டும் என்றால் கூட ஒரு ஆள் இருந்து அவளைச் சாப்பிட வைக்க வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும். எங்கள் அம்மா போய் வெகுகாலம் ஆகியிருந்ததால் அந்த ஆள் நானாகத்தான் இருக்க முடியும். முப்பதுகளின் தொடக்கம் அது. நாகர்கோவிலில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. வாய் நீளம், அதனால்தான் ஆகவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தலைமை ஆசிரியையிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு ஒரு மாசி மாதம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மண்டைக்காட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே, தென்னைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டுக்கூரை வேதக்கோயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணி அடிக்கும். அங்கே உபதேசியாராக இருந்த அத்தானுக்கு அதை ஒட்டித்தான் வீடு. நல்ல உயரம், கோயில் மணி வேண்டாம் என்கிற அளவுக்குக் குரல். ஊரில் யாரும் உச்சிவெயிலில் போகப் பயப்படுகிற இடங்களாகப் பார்த்து, அந்த நேரத்துக்கே அங்கே நடந்து போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவார். கர்த்தர் இருக்கிறார் என்று சொல்வதைவிடப் பேய் இல்லை என்று சொல்வதில்தான் உங்களுக்கு ருசி அதிகம் என்று நான் அவரைக் கேலி செய்வேன். அவர் கோபப்பட மாட்டார். கேலி செய்ய ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

நான் போன சமயம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை தண்ணீருக்கு வயல் தாண்டிப் போக வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு அக்கா குடம் சுமக்கக் கூடாது என்று அத்தான் பிடிவாதமாக இருந்தார். வெட்டுக்கு வந்த ஆட்களின் தலைவர் மேற்கு மூலையில் நின்ற அயினி மரத்தடியில் காலால் தட்டிப் பார்த்து, “இஞ்ச வெட்டினா வெள்ளம் கைக்கெட்டுற தூரத்துல கிடக்கு உபதேசியாரே” என்றாராம். அத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டதற்கு, “வேற இடம் பாரும்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் தெற்கே தென்னைகளுக்கு இடையில், கடல்மணல் கலந்த மண்ணில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டத் தோண்ட மண் சரிந்துகொண்டே இருந்தது. நல்ல இடத்தை விட்டுவிட்டுக் கெட்ட இடத்தில் குழி பறிக்கிற கெட்டிக்காரத்தனத்தை நான் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

இடுப்பளவு ஆழம் போனதும் மண்வெட்டி எதிலோ பட்டு ‘ணங்’ என்றது. கையால் மண்ணை விலக்கி எடுத்தார்கள். ஒரு செப்புக் கலயம். கழுத்து கொஞ்சம் குறுகி, வயிறு உருண்டு, ஐந்து படி அரிசி கொள்கிற அளவு. வாயில் செப்பு மூடி, அதைச் சுற்றி அரக்கு. அரக்கு பல இடங்களில் வெடித்திருந்தது. வெளியெல்லாம் குளத்துப் படிக்கட்டில் பாசி படர்ந்த மாதிரி ஒரே பச்சை. எடுத்தவர் அதைத் தரையில் வைத்துவிட்டு, வைத்த கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மூடி அரக்கு வைத்த செப்புக் கலயம் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு வீட்டில் யாரையாவது இசக்கியோ மாடனோ பிடித்துவிட்டால் மந்திரவாதி வந்து, அதைக் கலயத்துக்குள் இறக்கி, வாயைக் கட்டி அரக்கு வைத்து, ஆள் புழங்காத இடத்தில் புதைத்துவிடுவார். இல்லாவிட்டால் கடலில் போடுவார்கள். அதைத் திறக்கிறவர் வீட்டுக்குத்தான் அது முதலில் வரும். வந்தால் அந்த வீட்டில் வயிற்றுப்பிள்ளை நிற்காது.

“இது எடுக்கப்படாத சாதனமாக்கும். மூடிப்போட்டு வேற எடம் பாப்போம்” என்றார் தலைவர். அவர் கண் அக்காவின் வயிற்றுக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

அத்தானுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? அவருக்கும் அது மந்திரவாதி புதைத்த கலயம் என்பதில் சந்தேகமே இல்லை. உள்ளே ஒன்றும் இருக்காது என்பதில்தான் அவர் வித்தியாசப்பட்டார். வேலிக்கு வெளியே போகிற வருகிறவர்களையும் கூப்பிட்டார். சரியாக உச்சிவெயில். ஒரு கீர்த்தனை பாடிவிட்டு வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் மூடியில் ஒரு போடு போட்டார். மூடி உடைந்து விழுந்தது. கலயத்தைக் கவிழ்த்தார். ஈரமாக, கட்டி கட்டியாக மண் விழுந்தது.

“பாத்தீங்களா? மண்ணு. வெறும் மண்ணு!” என்று சொல்லிக்கொண்டே கலயத்தின் வாயை எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார். வெயில் நேராக அதற்குள் இறங்கியது.

உள்ளே சிவப்பு. குங்குமச் சிவப்பு இல்லை, செம்மண் சிவப்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்தால் இமைக்குள் தெரிகிற சிவப்பு. கலயத்தின் உள்சுவர் முழுக்க மாதுளை முத்தைவிடப் பொடியான மணிகள் ஒட்டிக்கொண்டு மினுங்கின. அத்தான் கையை அசைக்க அசைக்க அந்த மினுக்கமும் உள்ளுக்குள் நகர்ந்தது. அவ்வளவு அழகான சிவப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னையறியாமல் ஓர் அடி பின்னால் வைத்தேன்.

“சோரயாக்கும்” என்றாள் மண் சுமக்க வந்த ஒருத்தி. ரத்தத்தை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அத்தான் சிரித்துக்கொண்டே விரலை உள்ளே விட்டுத் தடவினார். வெளியே எடுத்தபோது விரல்நுனி செங்கபில நிறமாக இருந்தது. அவர் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத் தொடர்ந்தது. திரும்பிப் பார்த்தால் வெட்டுக்காரர்களைக் காணோம். மண்வெட்டிகூடக் குழியிலேயே கிடந்தது. அக்கா அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அந்தக் கலயத்தைப் பார்க்கவில்லை. கீழே கொட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அத்தான் கலயத்தை முன்னறை ஜன்னலில் வைத்தார். வருகிறவர்கள் பார்த்துத் தெளிவடையட்டும் என்று எண்ணம். வருகிறவர்கள்தான் வரவில்லை. மண்டைக்காட்டில் கொடைவிழா தொடங்கியிருந்தது. அம்மனைப் பார்க்கப் போகும் கூட்டம் எங்கள் வேலி ஓரமாகத்தான் போக வேண்டும். எங்கள் வீடு வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு, வழியின் அந்தப் பக்கம் ஒதுங்கி, தாண்டிப் போன பிறகு மறுபடி பேசினார்கள். எங்கள் கோயிலிலும் அந்த ஞாயிறு பாதிப் பேர்தான். இயேசுவை நம்புகிறவர்களும் இசக்கிக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைத்திருந்தார்கள்.

அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். வீட்டில் எல்லோரும் குடிக்கிற செப்புக்குடத்துத் தண்ணீரைத் தொடவே மறுத்தாள். மண்பானையில் தனியாக எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் எல்லோரும் கண் அயர்கிற நேரத்தில் முன்னறையில் போய்க் கலயத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருப்பாள். பயப்படுகிறவள் ஏன் அங்கே போய் உட்கார வேண்டும்? நான் கேட்டேன், கோபமாகவே கேட்டேன்.

“வயித்துல கெடக்கது அனங்க மாட்டேங்குது ஏட்டி” என்றாள். பிள்ளை அசையவில்லையாம். “இஞ்ச வந்து இருந்தாத்தான் கொஞ்சம் அனங்குது.”

“சரி, அந்தக் கலயத்துல அப்படி என்ன இருக்கு?”

 பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வது போலச் சொன்னாள். “அதுக்கு விசக்குது. அதப் பாத்தா எனக்கு மாரு கனக்குது.”

அதற்குப் பசிக்கிறதாம். வெளியே வெயில் கொளுத்தியது, எனக்குக் கைமயிர் நட்டுக்கொண்டது. அக்காவுக்குச் சித்தம் கலங்குகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். பிள்ளையும் போய், அக்காவும் போய்விடுவாளோ என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்குள் வந்து உட்கார்ந்தது.

இதற்கிடையில் கலயம் மாறிக்கொண்டு வந்தது. ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கம் உள்சிவப்பு மங்கிக் கறுத்தது. முதலில் என் கண்ணின் கோளாறு என்று நினைத்தேன். பிறகு நன்றாகவே தெரிந்தது. ஒரு பக்கம் சாம்பல் கலந்த கறுப்பு. வெளிச்சம் எட்டாத கழுத்தடியில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே ஈரமாக இருப்பது போல. அத்தான் பனையோலை விசிறியை அதன்மேல் சாய்த்து வைப்பார். உடைந்த வாயோரத்தில் விசிறி மறைத்த இடம் சிவப்பாகவும் மற்றது கறுப்பாகவும் இருந்தது. உள்ளே இருப்பது வெளிச்சத்துக்குப் பயந்து ஒதுங்குவது மாதிரித்தான் இருந்தது. ரத்தம்தானே காய்ந்தால் கறுக்கும்? அக்கா அதைச் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ஒருநாள் மத்தியானம் சோறு பொங்கும்போது, கலயத்தின் வாயோரத்திலிருந்து ஒரு துணுக்கைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். “பாரு அக்கா, வெறும் தூசி, அடுப்புல போட்டா போயிரும்” என்று சொல்லி எரிகிற ஓலைமட்டையின் மேல் போட்டேன்.

தீ பச்சையாக மாறியது. பச்சையும் நீலமுமாக ஒரு நாக்கு எழுந்து, சோற்றுப்பானையின் அடியை வழித்துக்கொண்டு மேலே ஏறியது. அடுக்களை முழுக்க அந்த நிறம். அக்காவின் முகத்தில், சுவரில், என் கைகளில். கொஞ்ச நேரம்தான். அடங்கிய பிறகு தீ பழைய தீயாகவே எரிந்தது. அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அவளைத் தேற்ற வேண்டிய நான் வாசலுக்கு ஓடிப்போய் நின்று மூச்சு வாங்கினேன். பேய் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அந்த அடுக்களைக்குத் திரும்பி நுழைய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

*

மறுநாளே பஸ் ஏறினேன். அதற்கு முன் கலயத்தின் அடியில் கெட்டியாகப் பிடித்திருந்த ஒரு கட்டியை அரிவாள்மனையின் கட்டையால் தட்டிப் பெயர்த்தேன். அங்கேதான் சிவப்பு மிகக் கனமாக இருந்தது. அதைத் துணியில் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டேன். அத்தானிடம் பள்ளிக்கூட வேலை என்று சொன்னேன்.

நகரத்தில் பையன்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிற சார் ஒருவரை எனக்குப் பழக்கம். சபைப் பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசையில் நின்று சுருதி தப்பிப் பாடுகிறவர். மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. பாட்டில் இல்லாத நிதானம் எல்லாம் அவருக்குப் பாடத்தில் இருந்தது. கட்டியைக் கையில் வாங்கியதுமே “நல்ல கனம்” என்றார். ஓரத்தில் ஒரு சின்ன மணியை ஊசியால் நெம்பி எடுத்து, இடுக்கியில் பிடித்து ஜன்னல் வெயிலுக்கு நேராகக் காட்டினார். அது உள்ளிருந்து எரிகிற மாதிரிச் சிவந்தது. வெளிச்சம் அதன் வழியாகப் போனது.

“ரத்தம் இல்லை டீச்சர், பயப்படாதீங்க” என்றார். “செம்பும் காற்றும் சேர்ந்து உண்டாவது இது. குப்ரைட் என்று பெயர்.”

அவர் சொன்னதை நினைவில் உள்ளபடி சொல்கிறேன். செம்பு பூமிக்குள்ளே தாதுவாகக் கிடக்கிற ஊர்களில், மழைத்தண்ணீரும் காற்றும் இறங்குகிற ஆழத்தில் இந்தச் சிவப்புக் கல் தானாக உண்டாகுமாம். பச்சைக் கல்லோடும் நீலக் கல்லோடும், சில சமயம் சுத்தச் செம்போடும் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். நம் பக்கத்து மண்ணில் அப்படிச் செம்பு கிடையாது. ஆனால் மனிதன் செய்த செப்புப் பாத்திரத்தை வெகுகாலம் புதைத்துவைத்தால் மண் அதையும் விடாது. வெளியே பச்சை, அதற்கு அடியில் சிவப்பு, நடுவில் மிச்சம் இருக்கிற செம்பு. “கல்லிலிருந்து உருக்கி எடுத்ததை மண் திரும்பக் கல்லாக்கிவிடும்” என்றார். “அந்தச் சிவப்பை மறுபடி கரியோடு சேர்த்துக் காய்ச்சினால் செம்பு வந்துவிடும். தீ பச்சையாக எரிந்தது என்றீர்களே, அது செம்போடு கடல் உப்பும் சேர்ந்ததால்.”

கறுத்ததைப் பற்றிக் கேட்டேன். பேசாமல் எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு கல்லை எடுத்துவந்தார். வடக்கே சிங்பூம் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து யாரோ கொடுத்தது. ஜன்னலைப் பார்த்திருந்த பக்கம் சிலேட்டுப் பலகை மாதிரிக் கறுத்திருந்தது. திருப்பிக் காட்டினார். அலமாரித் தட்டில் படிந்திருந்த பக்கம் செக்கச்செவேல் என்று இருந்தது.

“இதற்கு வெளிச்சம் ஆகாது. இருட்டில் இருக்கும்வரை சிவப்பு. வெளியே எடுத்துப் பார்க்கப் பார்க்கக் கறுத்துவிடும்.”

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. அக்காவிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சார் அதற்குள் கட்டியைத் தண்ணீர் கலந்த அமிலத்தில் போட்டிருந்தார். சுத்தம் செய்து தருகிறேன் என்றார். பச்சை நுரைத்துக் கரைந்தது. சிவப்பு மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. மண் அடியில் தங்கியது. இடுக்கியை விட்டுத் துழாவியவர் சட்டென்று நிறுத்தினார்.

வெளியே எடுத்துக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு காப்பு. ஈர்க்குப்போல மெலிந்த செப்புக் காப்பு. இரண்டு முனையும் சேராமல், முனைகளில் ஒவ்வொரு குமிழ். நான் விரலை நுழைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்தான் போனது.

சார் மூக்குப்பொடி டப்பியைத் திறந்து, போடாமலே மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். “டீச்சர், அந்தக் கலயத்துக்குள்ள இருந்த மண்ணை என்ன செய்தீங்க?”

*

பஸ் வழியெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான். அது மந்திரவாதி புதைத்த கலயம் இல்லை. யாரோ ஒரு தாயின் பிள்ளை. எந்தக் காலத்தில், எந்த வீட்டில் என்று யாருக்குத் தெரியும்? வெட்டுக்காரர்களும், அத்தானும், நானும் பேயைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, வெறும் மண்ணு என்று ஊருக்குக் காட்டினார். அந்த மண் இத்தனை நாளும் குழியோரத்தில் தென்னை மூட்டில் வெயிலில் கிடந்தது. கோழிகள் அங்கேதான் மேயும். அதை நினைத்தபோது பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குள் நுழையாமல் நேரே பின்பக்கம் போனேன். தென்னை மூட்டில் மண் இல்லை. பெருக்கி எடுத்த தடம் மட்டும் இருந்தது.

அக்கா அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிசி புடைக்கிற சுளவு. சுளவின் மேல் துவைத்துப் பழசான வெள்ளை முண்டுத் துண்டு மூடியிருந்தது. நான் துண்டை விலக்கினேன். அந்த மண்தான். சருகு, கல் ஒன்று இல்லாமல் பொறுக்கி எடுத்துக் குவித்துவைத்திருந்தாள்.

“ஏன் அக்கா?” என்றேன். 

“கோழி கிண்டுது. பாக்கப் பொறுக்கல” என்றாள்.

காப்பைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், இரண்டு விரலை நுழைத்தாள். நான் செய்ததைப் போலவே. கல், காற்று, உப்பு என்று நான் ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். வெளிச்சத்தில் கறுப்பது, இருட்டில் சிவப்பாக இருப்பது, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண் மட்டும் காப்பைவிட்டு எடுக்கவில்லை. அவள் பசிக்கிறது என்று சொன்னது எதை என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரிந்துவிட்டது. அதற்கு மட்டும் சாரிடம் காரணம் இருந்திருக்காது. நானும் இன்றுவரை தேடவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்தார். அக்கா காப்பையும் சுளவையும் அவர் முன்னால் வைத்தாள். அவருக்குப் புரிய நான் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னால் போதுமாயிருந்தது. அந்த உயரமான மனிதர் மெதுவாகச் சுவரோரம் உட்கார்ந்தார். தான் கவிழ்த்த கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கேட்டாள். “எனக்க பிள்ளைங்க ரெண்டையும் எங்க கொண்டு வச்சிய?”

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க மாட்டார்கள். ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் எங்காவது வைத்துவிட்டு வருவார்கள். இடத்தைத் தாயிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவள் கால் அங்கேயே போகும், அவள் போனால் அது அவளைவிட்டுப் போகாது, அடுத்த பிள்ளை தங்காது. அக்கா இத்தனை வருஷமும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.

“அது எதுக்கு இப்போ?” என்றார் அத்தான். “சொன்னா அடுத்தது தங்காதுன்னு…”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்லுவாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உச்சிவெயிலில் போய்ப் பாட்டுப் பாடுற ஆளு, ஊரு பயப்படுற கலயத்தைக் கத்தியால அடிச்சுத் திறந்த ஆளு, இதுக்கு மட்டும் பயந்தீங்களா அத்தான்?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

அத்தான் அழுதார். அந்தக் குரலை வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் அழுதார். “எனக்கும் பயமாத்தான் இருந்து பிள்ள” என்றார். “வேற எல்லாத்துக்கும் பயம் இல்ல. இதுக்கு மட்டும் பயம்.”

பிறகு எழுந்து, மேற்கு மூலைப் பக்கம் கையைக் காட்டினார். அயினி மரம். வெட்டுக்காரர் தண்ணீர் கைக்கெட்டுற தூரத்தில் கிடக்கிறது என்று சொன்ன இடம். அங்கே வெட்ட விடாமல் அவர் காத்ததால்தான் இந்தக் கலயம் வெளியே வந்தது.

மறுநாள் உச்சி நேரத்தில் மூன்று பேரும் மரத்தடிக்குப் போனோம். அந்த நேரத்தைச் சொன்னது அக்காதான். வழியில் ஆள் இல்லை, காற்றும் இல்லை. தூரத்தில் அம்மன் கொடையின் மேளம் மட்டும் கேட்டது. சருகுகளுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன மேடு, பார்த்தால் மேடு என்றே தெரியாது. எத்தனையோ நாள் அக்கா அந்தச் சருகைத்தான் அடுப்புக்குக் கூட்டி அள்ளியிருக்கிறாள். அவள் அங்கே மண்டியிட்டு இரண்டு மேட்டிலும் கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற எனக்கு, கீழே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் ஓடத் தோன்றவில்லை.

அத்தான் மூன்றாவதாக ஒரு குழி வெட்டினார். அக்கா சுளவிலிருந்த மண்ணைக் கை கையாக அள்ளிக் கலயத்துக்குள் போட்டாள். காப்பை மேலே வைத்தாள். உடைந்த மூடியை வைத்து வெள்ளைத் துண்டால் வாயைக் கட்டினாள். அத்தான் கீர்த்தனை பாட வாயெடுத்தார், முடியவில்லை. ஜெபம் மட்டும் சொன்னார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அவர் சொன்ன முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

சாரிடம் காட்ட வேண்டும், அலமாரியில் வைத்துக்கொள்வார், கலயத்தையாவது எடுத்துவைக்கலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அக்கா தலையை அசைத்தாள்.

“வெளிச்சத்துல வச்சா கறுத்துப்போவும்னு நீதானே சொன்ன மக்கா? இருட்டுலயே இருக்கட்டு. இருட்டுலதானே அது செவப்பா இருக்கும்.”

மண்ணைத் தள்ளி மூடினோம். அன்றைக்கு அக்கா செப்புக்குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தாள். சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கலயம் மண்ணுக்குள் திரும்பிப் போய்விட்டது என்று தெரிந்ததும் வெட்டுக்காரர்கள் திரும்பி வந்து வேறு இடத்தில் கிணறு வெட்டினார்கள். நல்ல தண்ணீர். அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்ததும் அழுத அழுகையில் பிரசவம் பார்த்த வயிற்றாட்டி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கைப்பெட்டியின் மூலையில் அந்தச் சிவப்பின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. மேஜைமேல் வைத்திருக்கிறேன். மேல்பக்கம் கரியாகிவிட்டது, திருப்பிப் பார்த்தால் அடியில் இன்னும் சிவப்புதான். அடிக்கடி திருப்புவதில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள் இல்லை. அந்த ஒரே மகளோடு அக்கா எங்கே போனாலும், புதிதாகப் பழகும் பெண்கள் எத்தனை பிள்ளை என்று கேட்பார்கள் அல்லவா? அக்கா “நாலு” என்பாள். முதலில் அத்தான் பதறிப்போய்த் திருத்துவார். பிறகு அவரும் நாலு என்றே சொல்லப் பழகிக்கொண்டார்.